கடைக்குட்டியின் உயரத்தில் தொடங்கட்டும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சிறு குழந்தைகளுடன் கேளிக்கைப் பூங்காக்களுக்குச் செல்லும் குடும்பங்கள் செலவைத் திட்டமிடுவது எப்படி என்று தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். பயணச்சீட்டை முன்கூட்டியே எடுப்பது, விடுமுறைக் காலத்தின் நெரிசல் நாட்களைத் தவிர்ப்பது, கடன் அட்டையை நம்பிப் புறப்படாமல் இருப்பது என அதில் சொல்லப்பட்டவை யாவும் சரியானவையே. ஆயினும், இத்தகைய கட்டுரைகள் பெரும்பாலும் செய்வதைப் போல, அக்கட்டுரையும் வீட்டிலுள்ள தலைகளை எண்ணி நுழைவுச்சீட்டின் விலையால் பெருக்குவதையே பட்ஜெட்டின் அடித்தளமாக வைத்திருக்கிறது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு அந்தப் பெருக்கல் பொருந்தாது என்பதையும், கணக்கு தொடங்க வேண்டிய இடம் கடைக்குட்டியின் வயது, உயரம், உறக்கம் ஆகிய மூன்றுமே என்பதையும் என் சொந்தத் தவறுகளைக் கொண்டே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முப்பதாண்டுகளுக்கு மேல் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆகவே, சென்ற ஆண்டு என் மகன், மருமகள், 7 வயதுப் பேரன், 4 வயதுப் பேத்தி ஆகியோருடன் நானும் என் மனைவியும் பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குச் செல்வதென முடிவானபோது, செலவுக் கணக்கு என் தலையில் விழுந்ததில் வியப்பில்லை. ஆறு பேருக்கும் மூன்று நாள் சீட்டு, பூங்காவுக்கு அருகிலேயே விடுதி, வரிசையில் காத்திராமல் செல்வதற்கான விரைவு அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி மதிப்பீடு தயாரித்தேன். திரும்பி வந்து பார்த்தபோது மதிப்பீட்டுக்கும் செலவுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. காகிதத்தில் எதுவும் பிசகவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவற்றில் பாதியை நாங்கள் பயன்படுத்தவே இல்லை என்பது அந்தக் காகிதத்தில் தெரியாது. பேத்தியின் உயரம் 98 சென்டிமீட்டர். விரைவு அனுமதி செல்லுபடியாகும் சவாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு 102 சென்டிமீட்டர் வேண்டும். தலைச்சுற்றலுக்குப் பயந்து எந்தச் சவாரியிலும் ஏறாத என் மனைவிக்கும் விரைவு அனுமதி வாங்கியிருந்தேன். மூன்று நாட்களில் பூங்கா திறந்திருந்த 36 மணி நேரத்தில் பேத்தி அதற்குள் விழித்தும் மகிழ்ந்தும் இருந்தது 11 மணி நேரம் மட்டுமே என்பதை மருமகள்தான் கணக்கிட்டுச் சொன்னாள். மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததால், பேரனும் அவன் தந்தையும் மட்டும் சென்றார்கள். எஞ்சிய நான்கு சீட்டுகளும் விடுதி அறையின் மேசை மீதே கிடந்தன.

பூங்காவின் மீது எனக்குக் குறையில்லை. உயர விவரமெல்லாம் அதன் இணையதளத்திலேயே இருந்தது. விலைப்பட்டியலைத் துருவிப் பார்த்த நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே விலையில் எல்லாவற்றையும் விற்கும் முறை எப்படி வந்தது என்பதை அறிந்தால், சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு அது ஏன் பாதகமாக முடிகிறது என்பது விளங்கும். நியூயார்க்கின் கோனி தீவில் ஜார்ஜ் டில்யூ என்பவர் 1897-இல் திறந்த பூங்காவில், 25 சென்ட் கொடுத்தால் 25 கேளிக்கைகளை அனுபவிக்கலாம் என்ற ஒட்டுமொத்தச் சீட்டு புகழ்பெற்றது. எனினும் அம்முறை உடனே எங்கும் பரவிவிடவில்லை. 1955-ஆம் ஆண்டு ஜூலையில் கலிஃபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டு கூட, உள்ளே நுழைவதற்குச் சிறு கட்டணமும் ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் கட்டணமும்தான் வாங்கியது. சில மாதங்களிலேயே ஏ, பி, சி என்று வகை பிரித்த சீட்டுப் புத்தகங்கள் வந்தன. மிகப் பரபரப்பான சவாரிகளுக்குரிய ஈ வகைச் சீட்டு 1959-இல் சேர்ந்தது. குதிரை ராட்டினத்தில் மட்டும் சுற்றும் குழந்தைக்கு மலிவான சீட்டு போதுமானதாக இருந்தது. ஏறாதவர் ஏறாத சவாரிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. டெக்சாஸில் 1961-இல் திறந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவும் அதன் வழியில் வந்த பிறவும் ஒரே கட்டண முறையை வேரூன்றச் செய்தன. டிஸ்னி பூங்காக்களும் 1982-இல் சீட்டுப் புத்தகங்களைக் கைவிட்டன. இன்றைக்குப் பெரும்பாலான பெரிய பூங்காக்களில், பையைப் பிடித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும், ஒரே நாளில் பத்து முறை ரோலர் கோஸ்டரில் ஏறும் இளைஞனும் ஒரே விலையைத்தான் கொடுக்கிறார்கள். விதிவிலக்குகளும் உண்டு. கோபன்ஹேகனில் 1843 முதல் இயங்கிவரும் டிவோலி பூங்காவில் நுழைவுக்கு ஒரு கட்டணம், சவாரிகளுக்கு வேறு கட்டணம் என்ற பழைய பிரிவு இன்றும் தொடர்கிறது. தாத்தா பாட்டியோடு செல்லும் குடும்பம், நுழைவு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்பதை முதலில் விசாரித்தால், மொத்தச் செலவில் கணிசமான ஒரு துண்டு அங்கேயே குறைந்துவிடும்.

இனி வயதுக்கு வருகிறேன். குழந்தைக்கு அரைக் கட்டணம் என்பது பேருந்திலும் ரயிலிலும் பழகிய நினைப்பு. பூங்காக்களில் அது பலிப்பதில்லை. அமெரிக்காவிலுள்ள டிஸ்னி பூங்காக்களில் 3 வயது நிரம்பாத குழந்தைக்கு நுழைவு இலவசம். 3 முதல் 9 வயது வரை குழந்தைக் கட்டணம். 10 வயதானால் பெரியவர். குழந்தைக் கட்டணம் பெரியவர் கட்டணத்தைவிட மிகச் சிறிதளவே குறைவு என்பதால், அக்குடும்பத்தின் செலவைத் தீர்மானிப்பது அரைச்சீட்டு அன்று. மூன்றாம் பிறந்த நாள்தான். பாரிஸ் டிஸ்னிலேண்டில் குழந்தைக் கட்டணம் 11 வயது வரை நீள்கிறது. தோக்கியோவிலோ 3 வயது வரை கட்டணமே இல்லை, 4 முதல் 11 வரை குழந்தை, 12 முதல் 17 வரை இடைநிலைக் கட்டணம். கணக்கில் கொள்ளப்படுவது சீட்டு வாங்கும் நாளின் வயதன்று. பூங்காவுக்குள் காலடி வைக்கும் நாளின் வயது. விமானத்தில் எல்லைக்கோடு வேறு: பெரும்பாலான நிறுவனங்களில் 2 வயது நிரம்பாத குழந்தை மடியில் அமர்ந்து வரலாம், இரண்டாம் பிறந்த நாளுக்குப் பின் தனி இருக்கை வேண்டும். செல்லும்போது மடியில் இருந்த குழந்தைக்குச் சுற்றுலாவின் நடுவே பிறந்த நாள் வந்தால், திரும்பும்போது இருக்கை வாங்க நேரிடும். பயணத்தை ஒரு மாதம் முன்னே தள்ளுவதா பின்னே தள்ளுவதா என்று யோசிக்கும் பெற்றோர், நாட்காட்டியில் விடுமுறையைத் தேடுவதற்கு முன் குழந்தைகளின் பிறந்த நாட்களைக் குறித்துக்கொள்வது நல்லது. வாசலில் குழந்தையின் வயதைக் குறைத்துச் சொல்லித் தப்பிக்கலாம் என்று எனக்கு ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. தன் வயதைப் பெருமையோடு விரல் விட்டுக் காட்டும் பருவத்திலுள்ள பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தாலும் என் பேத்தி என்னைக் காட்டிக் கொடுத்திருப்பாள்.

வயதைவிடவும் கண்டிப்பானது உயரம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவீடுகளின்படி, 3 வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 95 அல்லது 96 சென்டிமீட்டர். 4 வயதில் 103. 5 வயதில் 110. இப்போது சவாரிகளின் பக்கம் பாருங்கள். ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 97 சென்டிமீட்டர் வேண்டும். அதே பூங்காவின் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112. அதே மாநிலத்திலுள்ள யுனிவர்சல் பூங்காவில் ஹல்க் ரோலர் கோஸ்டருக்கு 137. மூன்று வயதுக் குழந்தை முதல் வாசலிலேயே ஒரு சென்டிமீட்டரில் திரும்பக்கூடும். நான்கு வயதுக் குழந்தைக்கு ஒன்று திறக்கும், ஒன்று மூடும். ஏழு வயதுப் பேரன்கூட மூன்றாவதில் ஏற முடியாது. பள்ளி செல்லும் முன்னான வயதில் குழந்தை ஆண்டுக்கு ஆறேழு சென்டிமீட்டர் வளர்கிறது என்பதால், அரையாண்டு பொறுத்துச் சென்றால் அதே சீட்டில் கூடுதலாகப் பல சவாரிகள் கிடைக்கலாம். எனவே, நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி அளப்பதுதான். காலணியோடு அளந்து மனத்தைத் தேற்றிக்கொள்ளும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வாசலில் அளவுகோலுடன் நிற்பவர் இரக்கப்பட்டு விட்டுவிடுவார் என்று எண்ணுவதும் தவறு. இருக்கையின் பாதுகாப்புத் தடுப்பு எந்த உடலளவுக்குப் பொருந்தும் என்பதை வைத்து வகுத்த எல்லை அது, அழுதாலும் நகராது.

அளந்த உயரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பூங்காவின் சவாரிப் பட்டியலில் கடைக்குட்டி ஏறக்கூடியவை எத்தனை, மூத்த பிள்ளைக்கு மட்டும் உரியவை எத்தனை, பெரியவர்களுக்கே உரியவை எத்தனை என்று குறித்தால், எத்தனை நாள் சீட்டு தேவை என்ற கேள்விக்கு விடை தானாக வந்துவிடும். எங்கள் விஷயத்தில் விடை ஒன்றரை நாள். நான் வாங்கியது மூன்று. நாட்கள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை குறைகிறது என்ற கவர்ச்சியில் விழுந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாளுக்கான விலை குறைந்தாலும் மொத்தத் தொகை கூடத்தான் செய்கிறது என்பதை, வாழ்நாளெல்லாம் பிறருடைய கணக்குகளில் பிழை திருத்திய நான் அன்றைக்கு மறந்துவிட்டேன்.

மூன்றாவதாகச் சொன்ன உறக்கம் பலருடைய பட்ஜெட்டில் இடம்பெறுவதே இல்லை. 3 முதல் 5 வயது வரையிலான குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. காலை திறப்பு முதல் இரவு வாணவேடிக்கை வரை பூங்காவிலேயே இருப்பதென்று திட்டமிடும் குடும்பம், இந்த உறக்கத்தை யாரிடமிருந்தோ கடன் வாங்குகிறது. அக்கடனைப் பிற்பகல் மூன்று மணிக்கு, நெரிசலின் நடுவே, குழந்தை வட்டியோடு வசூலித்துவிடும். காலையில் நான்கு மணி நேரம் உள்ளே இருந்து, நண்பகலில் விடுதிக்குத் திரும்பி உறங்கி, மாலையில் மீண்டும் செல்வதே சிறு குழந்தைகளுக்கு இயல்பாகப் பொருந்தும் ஒழுங்கு. அதற்கு இரண்டு தேவை: வெளியே சென்றவர் அதே நாளில் திரும்ப நுழையப் பூங்கா அனுமதிக்க வேண்டும், விடுதியும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். தொலைவிலுள்ள மலிவான விடுதியையும் அருகிலுள்ள விலை கூடிய விடுதியையும் ஒப்பிடுகிறவர்கள் அறை வாடகையை மட்டும் எதிரெதிரே வைக்கிறார்கள். நாளொன்றுக்கு இருமுறை சென்று வருவதற்கான வண்டிக் கட்டணத்தையும், அலுப்பால் கைவிடப்படும் மாலை நேரத்தின் சீட்டு விலையையும் மலிவான விடுதியின் கணக்கில் ஏற்றிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகிவிடும். சில வேளைகளில் மலிவானதே விலை கூடியதாக இருக்கும். குழந்தைகள் பெரியவர்களாகிவிட்ட குடும்பத்துக்கு இந்த வாதம் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் தாராளமாகத் தொலைவிலேயே தங்கலாம்.

விரைவு அனுமதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்னி பூங்காக்களில் 1999-இல் இலவசமாகத் தொடங்கிய இந்த வசதி, அமெரிக்கப் பூங்காக்களில் 2021 முதல் கட்டணத்துக்குரியதாகிவிட்டது. வேறு பல பூங்காக்களிலும் அதற்குத் தனி விலை உண்டு, அதுவும் நெரிசலைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். நீண்ட வரிசைகள் பெரும்பாலும் உயர வரம்புள்ள பரபரப்பான சவாரிகளுக்கே இருக்கின்றன. கடைக்குட்டி அவற்றில் ஏற முடியாதென்றால் இந்த அனுமதியால் அக்குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. அதற்கு மாறாக, ஒரு பெற்றோர் குழந்தையோடு வெளியே நிற்க, மற்றவர் சவாரி முடித்து வந்ததும் வெளியே நின்றவர் மீண்டும் வரிசையில் காத்திராமல் ஏறிக்கொள்ளும் மாற்றுமுறையைப் பல பெரிய பூங்காக்கள் கட்டணமின்றியே வைத்திருக்கின்றன. சவாரி வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்க வேண்டும், அவ்வளவே. நாங்கள் இதை இரண்டாம் நாள் பிற்பகலில், எங்களைப் போலவே ஒரு குழந்தையை இடுப்பில் சுமந்து நின்ற வேறொரு தாய் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இப்பூங்காக்களின் உள்ளேதான் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. தள்ளுவண்டி வாடகை, பொருள் வைக்கும் பெட்டிக்கு வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம், சவாரியின் பாதியில் தானாக எடுக்கப்பட்டு வெளியேறும் இடத்தில் விற்கப்படும் புகைப்படம், நீர்ச் சவாரியில் நனைந்த பின் வாங்க நேரும் மாற்றுடை என ஒவ்வொன்றும் சிறியது. சேர்ந்தால் ஒரு நாள் சீட்டை எட்டும். தள்ளுவண்டி வேண்டாம், குழந்தை நடப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் ஓடியாடும் 4 வயதுக் குழந்தையும் ஒரு நாள் முழுதும் பூங்காவில் நடக்க மாட்டாள். மடக்கக்கூடிய வண்டியை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது ஒன்றுதான் வழி. தண்ணீர்ப் புட்டிகளும் குழந்தைக்குப் பழகிய சிற்றுண்டியும் உள்ளே கொண்டு செல்லலாமா என்பது பூங்காவுக்குப் பூங்கா வேறுபடுவதால், அதை முன்பே கேட்டறிந்தால் உணவுக் கணக்கில் பெரும் தொகை மிஞ்சும்.

இவற்றுள் பெற்றோரை மிகவும் சோதிப்பது பொம்மைக் கடைதான். சவாரியிலிருந்து இறங்கி வெளியே வரும் பாதையே கடைக்குள் புகுந்து செல்லும்படி பல இடங்களில் அமைத்திருக்கிறார்கள். மனிதர்கள் பணத்தை மனத்தளவில் தனித்தனிப் பைகளாகப் பிரித்து நடத்துகிறார்கள் என்று எழுதிய பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தேலருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய ஆய்வைப் படிக்காமலேயே என் மருமகள் அதைச் செயல்படுத்தினாள். பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு சிறு பர்ஸ் வாங்கி, மொத்தச் சுற்றுலாவுக்கும் அவர்களுடைய பங்கு இவ்வளவுதான் என்று முதல் நாள் காலையில் அதில் போட்டுக் கொடுத்தாள். பேரன் மூன்று நாளும் ஒவ்வொரு கடையிலும் விலையை விசாரித்தானே தவிர, கடைசி நாள் மாலை வரை பர்ஸைத் திறக்கவில்லை. பேத்தி முதல் கடையிலேயே ஒளிரும் மந்திரக்கோல் ஒன்றை வாங்கிப் பர்ஸைக் காலி செய்தாள். அதன்பின் எந்தக் கடையிலும் அழவில்லை, வெறும் பர்ஸைத் திறந்து காட்டிவிட்டு நகர்ந்தாள். எங்கள் சுற்றுலாவிலேயே குறித்த தொகைக்குள் நின்று, முழுப் பயனும் தந்த ஒரே பத்தி அதுதான்.

எதிர்பாராத செலவுக்கென்று மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தனியே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. குழந்தைக்குக் காய்ச்சல் வருவதை எதிர்பாராதது என்று சொல்வதே கூடச் சற்று மிகைதான். நாள் குறிப்பிட்டு விற்கும் சீட்டுகளை வேறு நாளுக்கு மாற்றலாமா, மாற்றினால் விலை வேறுபாட்டைக் கட்ட வேண்டுமா என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் செலவிடும்போது வங்கி அட்டையில் பிடித்தம் செய்யும் அந்நியச் செலாவணிக் கட்டணம் சில விழுக்காடு வரை இருக்கலாம். அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

இவ்வளவு சொன்ன பின், குழந்தைகள் வளரும் வரை போகாமலே இருப்பதுதானே சிக்கனம் என்று சிலர் கேட்கக்கூடும். பெரும்பாலானோருக்கு மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் நினைவில் நிற்பதில்லை என்பது உண்மையே. எனவே, குழந்தைக்கு நினைவாக இருக்கட்டும் என்று 2 வயதில் கடன் வாங்கிக்கொண்டு புறப்படுவதை நான் ஏற்கமாட்டேன். அந்த வயதுக்குச் சிறிய பூங்காவில் ஓர் அரை நாள் போதும். ஆனால் மூத்த பிள்ளை சரியான பருவத்தில் இருக்கும்போது, இளையது கட்டணமில்லாத வயதில் கூடவே வருவதென்றால் அது நல்ல தருணம். இளையது நான்கையும் மூத்தது பத்தையும் தொடும்போதோ அதே குடும்பம் நான்கு முழுக் கட்டணங்களுக்கு நெருங்கிவிடுகிறது.

தங்களிடம் என் வேண்டுகோள் இது. சுற்றுலாப் பக்கத்தில் ஒரு பூங்காவைப் பற்றி எழுதும்போது நுழைவுக் கட்டணத்தோடு நிறுத்திவிடாமல், கட்டணமில்லா வயது எதுவரை, 100 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தை ஏறக்கூடிய சவாரிகள் எத்தனை, அதே நாளில் மீண்டும் நுழையலாமா, உணவும் தள்ளுவண்டியும் உள்ளே கொண்டு செல்லலாமா, நுழைவு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்ற ஐந்து விவரங்களையும் ஒரு சிறு கட்டத்துக்குள் அச்சிட்டால் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும். பேத்தி இப்போது 104 சென்டிமீட்டர் இருக்கிறாள். சென்ற முறை ஏற முடியாமல் போன சவாரிகளில் ஏறுவது எப்போது என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். அடுத்த மதிப்பீட்டை மருமகளே தயாரிப்பதென்று வீட்டில் ஒருமனதாகத் தீர்மானம் ஆகியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்